‘எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால்...’: பெர்சி ஜூலியனுக்கு வந்த பதில்கள்

1930களின் நடுவில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆப்பிள்டன் என்கிற ஊரில் இருந்த காகித வேதியியல் ஆய்வு நிறுவனம் ஒருவரை வேலைக்கு எடுக்கலாம் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டது. ஆள் வியன்னாவில் டாக்டர் பட்டம் வாங்கியவர், ஜெர்மன் சரளமாகப் பேசுவார், அப்போதுதான் ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய தலை ஒருவரைத் தப்பு என்று நிரூபித்துக் கட்டுரை எழுதி முடித்திருந்தார். இதைவிடத் தகுதியான ஆள் கிடைக்க மாட்டார். அப்புறம்தான் யாரோ ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தார்கள். கறுப்பர் யாரையும் இரவில் தங்க வைக்கக் கூடாது என்று அந்த ஊரில் ஒரு பழைய சட்டம் இருக்கிறதாம். பகலில் வந்து வேலை பார்க்கலாம், பொழுது சாய்ந்தால் ஊரில் தலை சாய்க்கக் கூடாது. நிறுவனத்துக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை, பாருங்கள், சட்டம்தான் அப்படி இருக்கிறது.

அந்த ஆள் பெர்சி லேவன் ஜூலியன். சோயா எண்ணெயிலிருந்து ஹார்மோன்களை மூட்டை மூட்டையாக எடுக்க முடியும் என்று காட்டிய வேதியியலாளர். இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘தடைகளைத் தகர்த்தார்’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டு விருதுப் பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்தத் தடைகள் எப்படி வேலை செய்தன என்பதில்தான் ஆர்வம். அவர் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். படித்தவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒருவர்கூட ‘நீ கறுப்பன், உனக்குக் கிடையாது’ என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாகத் தெரியவில்லை. பெரும்பாலும் எல்லாரும் மரியாதையாக, கொஞ்சம் வருத்தத்தோடுகூட, ‘எங்களுக்கு ஒன்றுமில்லை, மற்றவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்’ என்றார்கள். அந்த மற்றவர்கள் யார் என்பது மட்டும் ஒவ்வொரு முறையும் மாறியது.

முதலில் ஊர்க்கதை. ஜூலியன் 1899 ஏப்ரல் 11 அன்று அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில் பிறந்தார். அப்பா ரயில்வே தபால் பிரிவில் குமாஸ்தா, அம்மா பள்ளி ஆசிரியை. தாத்தா அடிமையாக இருந்தவர். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதற்குத் தண்டனையாக அவருடைய கையில் இரண்டு விரல்களை வெட்டிவிட்டார்கள் என்பதை ஜூலியன் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். சிறுவனாக இருந்தபோது வீட்டுக்குப் பக்கத்துக் காட்டில் நடந்து போய்க்கொண்டிருந்தவர், கும்பல் ஒன்று அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு மனிதனின் உடலைப் பார்த்திருக்கிறார். இந்த ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் அரசு உயர்நிலைப் பள்ளி கிடையாது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

அந்த அரைகுறைப் படிப்போடு 1916இல் இந்தியானா மாநிலம் கிரீன்காசிலில் உள்ள டிபா பல்கலைக்கழகத்துக்கு ரயில் ஏறினார். வழியனுப்ப வந்த தாத்தா அந்த இரண்டு விரல் இல்லாத கையைத்தான் தூக்கி ஆட்டினாராம். கல்லூரியில் இவரை முழு மாணவராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. பகலில் கல்லூரிப் பாடம், இராத்திரியில் விட்டுப்போன உயர்நிலைப் பள்ளிப் பாடம் என்று இரண்டையும் சேர்த்துப் படித்தார். விடுதியில் இடமில்லை. அறை கொடுத்த வீட்டில் அறை மட்டும்தான், சாப்பாடு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் இவருக்குச் சோறு போடும் கடையைத் தேடி ஒரு நாளுக்கு மேல் பசியோடு அலைந்திருக்கிறார். கடைசியில் வெள்ளைக்கார மாணவர்கள் சங்கம் ஒன்றின் வீட்டில் உலைக்கு நெருப்புப் போட்டு, மேசையில் பரிமாறி, அதற்குப் பதிலாக மச்சில் படுத்துக்கொள்ள இடம் வாங்கினார். நான்கு வருடத்தில், 1920இல், வகுப்பிலேயே முதலாவதாக வந்து பட்டம் வாங்கினார். இதைப் பார்த்துவிட்டு அவர் அப்பா மொத்தக் குடும்பத்தையும் கிரீன்காசிலுக்கே கூட்டிவந்துவிட்டார். ஆறு பிள்ளைகளும் கல்லூரிப் பட்டம் வாங்கினார்கள்.

முதலாவதாக வந்தவருக்கு மேற்படிப்பு உதவித்தொகை கிடைக்க வேண்டும் இல்லையா? கூடப் படித்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது, இவருக்கு வரவில்லை. இவருக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு எழுதிக் கேட்டவர் வேதியியல் துறைத் தலைவர் வில்லியம் பிளான்சர்ட். வந்திருந்த பதில்களை அவர் கடைசியில் இவரிடம் காட்டினார். சாரம் இதுதான்: பையன் கெட்டிக்காரன், சந்தேகமே இல்லை, ஆனால் படித்து முடித்த பிறகு அவனுக்கு வேலை கொடுக்க யாருமில்லை, வீணாக மனமுடைந்து போவான், தெற்கே கறுப்பர் கல்லூரி ஏதாவது ஒன்றில் வாத்தியார் வேலை பார்த்துக் கொடுங்கள், அதற்கு டாக்டர் பட்டம் தேவையில்லை. கடைசி வரியைக் கவனியுங்கள். உனக்கு இந்தப் படிப்பு எதற்கு என்பதைக் கரிசனமாகவும் சொல்ல முடிகிறது.

அப்படியே ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கப் போனார். அப்புறம் ஹார்வர்டில் உதவித்தொகை கிடைத்து 1923இல் முதுகலை முடித்தார். அங்கே டாக்டர் பட்டத்துக்குத் தொடர வேண்டுமென்றால் கையில் ஒரு பயிற்றுனர் வேலை வேண்டும். நல்ல மாணவர்களுக்கு அது வழக்கமாகக் கிடைப்பதுதான். ஜூலியனுக்குக் கொடுக்கவில்லை. காரணம், தென் மாநிலத்து வெள்ளை மாணவர்கள் ஒரு கறுப்பரிடம் பாடம் கேட்க மாட்டார்கள். ஹார்வர்டுக்கு ஆட்சேபணை இல்லை, மாணவர்கள்தான் பிரச்சினை! மேற்கு வர்ஜீனியாவிலும் வாஷிங்டனில் ஹோவார்ட் பல்கலைக்கழகத்திலும் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, 1929இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு வியன்னாவுக்குக் கப்பல் ஏறினார்.

வியன்னாவில் அவருக்கு ஆசான் எர்ன்ஸ்ட் ஷ்பாத், தாவரங்களில் இருக்கும் ஆல்கலாய்டுகள் என்கிற வீரியமான வேதிப்பொருள்களில் அந்தக் காலத்துப் பெரிய கை. பகலில் ஆய்வகம், சாயங்காலம் ஓபரா, விடுமுறையில் பனிச்சறுக்கு. எந்த ஓட்டலிலும் உட்கார்ந்து சாப்பிடலாம். முப்பது வயதில் முதன்முறையாக அவருக்கு அது சாதாரண விஷயம் ஆனது. 1931இல் டாக்டர் பட்டத்தோடும், யோசஃப் பிக்கல் என்கிற ஆஸ்திரிய நண்பரோடும் திரும்பினார். (அதே வியன்னாவில் அவருடைய யூத நண்பர்களின் நிலைமை சீக்கிரமே என்ன ஆனது என்பது தெரிந்த கதை. அவர்களில் ஒருவர் பெயர் பின்னால் வரும்.)

ஹோவார்டுக்குத் திரும்பியதும் ஒரு பெரிய சறுக்கல். உள்பூசல், அவதூறு, அவர் வியன்னாவிலிருந்து எழுதிய அந்தரங்கக் கடிதங்கள் பத்திரிகையில் வந்தது என்று எல்லாம் சேர்ந்து 1932இல் வேலை போனது. ஹோவார்ட் கறுப்பினத்தவருக்கான பல்கலைக்கழகம் என்பதால் இந்தக் கணக்கை நிறவெறியில் எழுத முடியாது. அவருடைய துடுக்கு வாய்க்கும் இதில் பங்கு உண்டு. நாயகனாகக் காட்ட நினைக்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், தாண்ட வேண்டிய தேவை ஒன்றும் இல்லை. கை கொடுத்தவர் பழைய ஆசிரியர் பிளான்சர்ட்தான், டிபாவுக்கே வந்து ஆராய்ச்சி செய் என்று கூப்பிட்டார்.

இங்கேதான் அந்த ஆக்ஸ்ஃபோர்ட் சண்டை. கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் ஜூலியனின் மூளை எப்படி வேலை செய்தது என்பது இதில்தான் நன்றாகத் தெரியும்.

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவின் கலபார் பகுதியில், ஒரு விஷக் கொட்டை இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதைத் தின்னக் கொடுப்பார்கள். பிழைத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி. அந்த விஷத்தின் பெயர் பைசோஸ்டிக்மின். 1864இல் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார்கள், 1870களிலேயே கண் மருத்துவர்கள் அதைச் சொட்டு மருந்தாகப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். கண்ணில் விட்டால் பாவை சுருங்கும், கண்ணுக்குள் இருக்கும் நீர் வடியும் வழி திறக்கும், அழுத்தம் குறையும். கண்ணழுத்த நோய் முற்றிப் பார்வை போவதைத் தள்ளிப்போட அன்றைக்குக் கையில் இருந்த மருந்து அது. ஆக, ஜூலியன் கண்ணழுத்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவது சரியில்லை. மருந்து ஏற்கெனவே இருந்தது. அதை ஆய்வகத்தில் எளிய பொருள்களிலிருந்து படிப்படியாகக் கட்டியெழுப்ப யாராலும் முடியவில்லை, அதுதான் விஷயம். 1925இல் மூலக்கூறின் அமைப்பு தெரியவந்ததிலிருந்து பலர் முயன்றுகொண்டிருந்தார்கள்.

முன்னணியில் இருந்தவர் ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் ராபின்சன். பிற்பாடு 1947இல் நோபல் வாங்கியவர். இந்த மூலக்கூறைப் பற்றித் தொடராகக் கட்டுரை போட்டுக்கொண்டிருந்தார், இறுதிப் படிக்கு முந்தைய பொருளைத் தயாரித்துவிட்டதாக அறிவித்தும் விட்டார். இந்தப் பக்கம் ஜூலியனும் பிக்கலும், கூடவே இன்னும் பட்டம்கூட வாங்காத சில மாணவர்களும், ஒரு சின்ன ஊர்க் கல்லூரியின் ஆய்வகத்தில் அதே பொருளை வேறு வழியில் செய்துகொண்டிருந்தார்கள். செய்து முடித்துப் பார்த்தால், ராபின்சன் விவரித்த பொருளின் குணங்களும் இவர்கள் கையில் இருப்பதன் குணங்களும் ஒத்துப்போகவில்லை. இரண்டில் ஒன்று தப்பு.

இன்னொருவராக இருந்தால் மறுபடி மறுபடி செய்து பார்த்துவிட்டு நம்முடையதுதான் தப்பு என்று ஒதுங்கியிருப்பார்கள். ஜூலியன் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் இதழில் ராபின்சனுடையது தப்பு என்றே எழுதிவிட்டார். அதைப் பார்த்துவிட்டு ஹார்வர்டில் அவருக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் கோலர், நீங்கள் சொல்வது சரியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் உங்கள் எதிர்காலம் இருண்டுவிடும் என்று செய்தி அனுப்பினார். மிகையே இல்லை. ராபின்சன் தப்பாக இருந்தால் அது ஒரு பிழை, அவ்வளவுதான். ஜூலியன் தப்பாக இருந்தால் கறுப்பர்களுக்கு இதெல்லாம் வராது என்பதற்கு அது சாட்சியாகிவிடும்.

தீர்ப்புச் சொன்னது உருகுநிலை. இன்றைக்குப் போலக் கருவியில் மாதிரியைப் போட்டால் திரையில் படம் வருகிற காலம் இல்லை அது. தூய பொருள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வெப்பநிலையில் உருகும், ஒரு துளி அழுக்குச் சேர்ந்தாலும் உருகும் புள்ளி கீழே இறங்கிவிடும். அதனால் படிகத்தைத் தூளாக்கி, ஊசி போல மெல்லிய கண்ணாடிக் குழலில் தட்டித் தட்டி இறக்கி, வெப்பமானியோடு சேர்த்துக் கட்டி, மெதுவாகச் சூடேற்றிக்கொண்டே கண் இமைக்காமல் பார்ப்பார்கள். கலபார் கொட்டையிலிருந்து வந்தது ஒரு குழலில், தாங்கள் செய்தது இன்னொரு குழலில். ஜூலியனும் பிக்கலும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் ஒரே வெப்பநிலையில் உருகின. 1935இல் முழுத் தயாரிப்பும் கட்டுரையாக வெளிவந்தது. 1999இல் அமெரிக்க வேதியியல் சங்கம் இந்தத் தயாரிப்பை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

இப்போது வேலை கிடைத்திருக்க வேண்டும். பிளான்சர்ட் டிபாவில் இவருக்கு ஆசிரியர் பதவி கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. டுபான்ட் கம்பெனி ஜூலியனையும் பிக்கலையும் நேர்காணலுக்கு அழைத்தது. நேரில் பார்த்த பிறகு, நீங்கள் கறுப்பர் என்பது எங்களுக்குத் தெரியாது என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இவரை அனுப்பிவிட்டு, பிக்கலுக்கு மட்டும் வேலை கொடுத்தது. ஒரே ஆராய்ச்சி, ஒரே கட்டுரை, அதில் முதல் பெயர் ஜூலியனுடையது. அப்புறம்தான் ஆப்பிள்டன்.

ஆப்பிள்டன் நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் வில்லியம் ஓ’பிரையன் என்று ஒருவர் இருந்தார். பெயின்ட் தயாரிக்கும் கிளிடன் கம்பெனியின் துணைத் தலைவர். நீங்கள் எடுக்காவிட்டால் நான் எடுத்துக்கொள்கிறேன் என்கிற கணக்கில் அவர் ஜூலியனைத் தொடர்புகொண்டு, சிகாகோவில் தங்கள் சோயாப் பிரிவுக்கு ஆராய்ச்சித் தலைவராக வரச் சொன்னார். தரும சிந்தனை என்று நினைக்க வேண்டாம். கிளிடன் அப்போது ஜெர்மனியிலிருந்து எண்ணெய் எடுக்கும் புது இயந்திரங்களை வாங்கிவைத்திருந்தது. ஜெர்மன் தெரிந்த, கரிம வேதியியலில் கை தேர்ந்த ஆள் தேவைப்பட்டது. 1936இல் சேர்ந்தார். ஆக, தாவர ஆல்கலாய்டுகளில் உலகத் தரத்தில் நின்ற ஒருவர் முப்பத்தேழாவது வயதில் சோயா மாவுக்கு வந்து சேர்ந்தார். அவராகத் தேர்ந்தெடுத்த துறை அல்ல.

சோயா என்றால் நமக்கு மீல்மேக்கர் ஞாபகம் வரும். எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கையில் பெரும்பகுதி புரதம். அந்தப் புரதத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்துக் காகிதத்துக்குப் பூச்சாகப் பயன்படுத்தலாம் என்று முதலில் காட்டினார். காகித நிறுவனம் வேண்டாம் என்ற ஆள் காகிதத்துக்கே பொருள் செய்தார்! இரண்டாம் உலகப் போரில் அதே புரதத்தை வைத்துத் தீயணைக்கும் நுரை ஒன்றை இன்னொரு கம்பெனி தயாரித்தது. கப்பலில் எண்ணெயோ பெட்ரோலோ தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. நுரை மேலே போர்வை போலப் படர்ந்து காற்றை அடைத்துவிடும். அமெரிக்கக் கடற்படையினர் அதற்கு ‘பீன்ஸ் சூப்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஆனால் பெரிய விஷயம் ஒரு விபத்தில் வந்தது. கிளிடன் ஆலையில் சுத்திகரித்த சோயா எண்ணெய் நிரம்பிய தொட்டி ஒன்று, ஒரு லட்சம் காலன் கொள்ளளவு. அதற்குள் தண்ணீர் கசிந்துவிட்டது, அடியில் வெள்ளையாகக் கெட்டியாக ஏதோ படிந்து எண்ணெய் பாழாகிவிட்டது என்று தகவல் வந்தது. ஆலைக்காரர்களுக்கு அது நஷ்டம். ஜூலியனுக்கு அந்த வெள்ளையை எங்கேயோ பார்த்த ஞாபகம். டிபாவில் கலபார் கொட்டையோடு மல்லுக்கட்டிய நாள்களில், கொட்டையின் எண்ணெயைக் கழுவி ஓரமாக வைத்திருந்தபோது அதில் தானாகவே வெள்ளைப் படிகங்கள் வந்திருந்தன. அது ஸ்டிக்மாஸ்டெரால், தாவரங்களில் இருக்கும் ஸ்டெரால் என்கிற கொழுப்பு போன்ற பொருள்களில் ஒன்று. தொட்டியில் கிடப்பதும் அந்தக் குடும்பம்தான்.

இது ஏன் புதையல் என்று சொல்ல வேண்டும். நம் உடம்பின் பாலின ஹார்மோன்கள், அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்கள், கொலஸ்ட்ரால் எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரே எலும்புக்கூடு: ஒன்றோடொன்று ஒட்டிய, கார்பன் அணுக்களால் ஆன நான்கு வளையங்கள். அந்த நான்கு வளையங்களை முதலிலிருந்து கட்டுவது அன்றைக்குப் பெரும்பாடு. விலங்கிலிருந்து எடுக்கலாமா என்றால், ஜெர்மனியில் பூட்டனான்ட் 50,000 பன்றிகளின் சூலகங்களை, மொத்தம் 625 கிலோ, அரைத்து வடித்து எடுத்த புரோஜெஸ்டிரோன் என்கிற பெண் ஹார்மோன் வெறும் 20 மில்லிகிராம். ஸ்டிக்மாஸ்டெராலில் அந்த நான்கு வளையங்களும் தயாராக இருக்கின்றன. அஸ்திவாரமும் சுவரும் ஏற்கெனவே எழும்பிய வீடு மாதிரி, திண்ணையை இடித்து ஒரு ஜன்னலை மாற்றி வைத்தால் போதும். அதிலும் அந்தத் திண்ணையில், அதாவது பக்கச் சங்கிலியில், ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. ஓசோனை வைத்து அந்த இடத்தில் வெட்டலாம். இந்த வழியை ஜெர்மானியர்கள் முன்பே காட்டியிருந்தார்கள். டன் கணக்கில் ஓடும் எண்ணெயிலிருந்து ஸ்டெராலை மலிவாகப் பிரித்து, ஆய்வகத்தில் சிட்டிகை அளவில் நடந்ததை ஆலை அளவுக்குக் கொண்டுவந்தது ஜூலியனின் வேலை. சீக்கிரமே நாளொன்றுக்கு 100 பவுண்டு ஸ்டெரால் கலவை வந்தது. 1940இல் கிளிடன் அனுப்பிய முதல் ஒரு பவுண்டு புரோஜெஸ்டிரோனின் மதிப்பு 63,500 டாலர், துப்பாக்கிக் காவலோடு போனது. கருச்சிதைவைத் தடுக்க அன்று மருத்துவர்கள் கேட்டுக்கொண்டிருந்த மருந்து அது.

கார்ட்டிசோன் என்கிற அட்ரினல் ஹார்மோனின் கதையில் கொஞ்சம் கவனம் வேண்டும். 1949இல் மேயோ மருத்துவமனை, படுத்த படுக்கையாகக் கிடந்த முடக்குவாத நோயாளிகள் கார்ட்டிசோன் ஊசிக்குப் பிறகு எழுந்து நடந்ததாக அறிவித்தது. மெர்க் கம்பெனி அதை மாட்டுப் பித்தத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் தயாரித்துக்கொண்டிருந்தது, விலை ஒரு கிராம் 200 டாலர். அதே ஆண்டு ஜூலியன், கார்ட்டிசோனைப் போலவே இருக்கிற, ஆனால் பதினோராவது கார்பன் அணுவில் மட்டும் ஆக்சிஜன் இல்லாத ‘பொருள் எஸ்’ என்பதைச் சோயாவிலிருந்து தயாரிக்கும் நல்ல வழியை அறிவித்தார். ஜூலியன் மலிவு கார்ட்டிசோனைக் கண்டுபிடித்துவிட்டார் என்று செய்தி பரவியது, இன்றும் பல இடங்களில் அப்படித்தான் இருக்கிறது. அந்த ஒற்றை ஆக்சிஜன் இல்லாமல் பொருள் எஸ் மூட்டுவலிக்கு உதவாது. அந்த ஆக்சிஜனைச் சரியான இடத்தில் வைக்க வேதியியலாளர்கள் திணறியபோது, பூஞ்சை ஒன்று அதைச் சுலபமாகச் செய்வதை 1952இல் அப்ஜான் கம்பெனி ஆய்வாளர்கள் காட்டினார்கள், அதற்குப் பிறகுதான் விலை நிஜமாகச் சரிந்தது. ஜூலியனின் பொருள் எஸ் அந்தச் சங்கிலியில் ஒரு முக்கியமான கண்ணி. முழுச் சங்கிலியையும் அவர் கழுத்தில் மாட்டத் தேவையில்லை. உள்ளதே போதுமான அளவு பெரிது.

இந்தப் புகழெல்லாம் உச்சத்தில் இருந்த 1950ஆம் ஆண்டு. சிகாகோவின் நாளிதழ் ஒன்று அவரை ‘இந்த ஆண்டின் சிகாகோக்காரர்’ என்று தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டில் அவர் சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில், வசதியான வெள்ளையர்கள் வாழும் பகுதியில், ஒரு பெரிய வீடு வாங்கினார். தண்ணீர் இணைப்புக் கொடுக்க மாட்டேன் என்று அங்கிருந்த அதிகாரி மறுத்தார். குடிபோவதற்கு முன்பே, நன்றி தெரிவிக்கும் நாளை ஒட்டி, யாரோ உள்ளே புகுந்து எரிபொருளை ஊற்றிக் கொளுத்தப் பார்த்தார்கள். வீடு தப்பியது. குடிபோன பிறகு, 1951 ஜூனில், பிள்ளைகள் தூங்கும் அறைக்குப் பக்கத்தில் டைனமைட் வெடித்தது. மகனுக்குப் பத்துப் பதினொரு வயது, மகள் இன்னும் சின்னவள். யாருக்கும் காயமில்லை. இங்கே முதன்முறையாக அந்த ‘மற்றவர்கள்’ நேரில் வந்திருந்தார்கள், ஆனால் இருட்டில், முகம் காட்டாமல். யாரும் பிடிபடவும் இல்லை.

அடுத்த மாதமே இன்னொன்று. சிகாகோவின் யூனியன் லீக் கிளப்பில் விஞ்ஞானிகளுக்கும் தொழிலதிபர்களுக்கும் ஒரு மதிய விருந்து, ஜூலியனும் அழைக்கப்பட்டிருந்தார். ஜூலியன் வந்தால் உள்ளே விட முடியாது என்று கிளப் விருந்து கொடுக்கிறவர்களுக்குத் தகவல் சொன்னது. பக்கத்து வீட்டுச் சுவரில் டைனமைட் வைப்பவனும் கிளப்பில் வெள்ளை மேசைவிரிப்பு விரிப்பவனும் ஒரே ஆள் இல்லைதான். ஆனால் முதலாமவனைக் காட்டித்தான் இரண்டாமவன் தன் கதவைச் சாத்துகிறான்.

ஓக் பார்க்கில் ஆதரவாகத் திரண்டவர்களும் இருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஜூலியன் காவலுக்கு ஆள் போட்டார், இராத்திரிகளில் தானும் காவல் இருந்தார். மகன் பெர்சி ஜூனியர் வளர்ந்து மனித உரிமை வழக்கறிஞர் ஆனவர், அந்த இரவுகளைப் பற்றிப் பிற்காலத்தில் சொன்னது எனக்கு மறக்கவில்லை. வீட்டுக்கு வெளியே ஒரு மரத்தில் அப்பா துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பார், பையனும் கூட ஏறி உட்கார்ந்துகொள்வான். அப்பா எப்போதும் வேலை வேலை என்று ஓடுகிறவர். அந்த மரத்தில்தான் அவர் மணிக்கணக்கில் பேசக் கிடைத்தார். மனிதர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று அங்கே உட்கார்ந்துதான் பேசினார்களாம். மனைவி அன்னா சமூகவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், அமெரிக்காவில் அந்தத் துறையில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். அந்த வீட்டுக்குள் என்ன பேசினார்கள் என்பதையும் யாராவது எழுதி வைத்திருக்கலாம். வீட்டை விட்டு அவர்கள் போகவில்லை.

1953இல் கிளிடனை விட்டு வெளியே வந்து சொந்தமாக ஜூலியன் லேபரட்டரீஸ் தொடங்கினார். மற்ற இடங்களில் வேலை கிடைக்காத கறுப்பின வேதியியலாளர்கள் பலர் அங்கே சேர்ந்தார்கள், பெண்களும் உண்டு. அதற்குள் ஸ்டீராய்டு, அதாவது அந்த நான்கு வளையப் பொருள்களின், உலகம் சோயாவிலிருந்து மெக்சிகோவின் காட்டு வள்ளிக் கிழங்குக்கு மாறிவிட்டிருந்தது. ஜூலியன் மெக்சிகோவில் ஆலை கட்டினார், கிழங்கு வெட்ட அரசு அனுமதி தரவில்லை. ஏற்கெனவே அங்கே கோலோச்சிய கம்பெனிக்கு மட்டும் வழி திறந்திருந்தது. போட்ட பணமெல்லாம் முடங்கிக் கிடந்த நேரத்தில் வந்து நின்றவர் வியன்னாவில் கூடப் படித்த ஆபிரகாம் ஸ்லாட்னிக். நாஜிகளிடமிருந்து தப்பிக்க ஜூலியன் ஒரு காலத்தில் உதவிய யூத நண்பர். அவர் குவாத்தமாலாவில் அந்தக் கிழங்கைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தார், கம்பெனி பிழைத்தது. 1961இல் ஸ்மித் கிளைன் அண்ட் ஃபிரெஞ்ச் அதை 23 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது.

பணம் வந்தது, நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெயரில் இருந்தன, கதை சுபமாக முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அவர் அப்படி வைத்துக்கொள்ளவில்லை. வயதான பிறகு ஒருமுறை, வாழ ஆசைப்பட்ட பெரிய அனுபவங்களில் சிலவற்றை என் சொந்த நாடே என்னிடமிருந்து பறித்துக்கொண்டது, கிடைத்த இடத்தில் வேலை பார்த்தேன், ஒருவேளை நல்ல வேதியியலாளனாக இருந்திருக்கலாம், ஆனால் நான் கனவு கண்ட வேதியியலாளன் நான் இல்லை என்று சொன்னார். நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்து வேலை வாங்கிய, கோடீஸ்வரரான ஒருவர் சொல்வது இது. கூச்சத்தில் சொன்ன அடக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆள் அடக்கத்துக்குப் பேர்போனவரும் இல்லை. அவர் கனவு கண்டது ஒரு பல்கலைக்கழக ஆய்வகம், மாணவர்கள், நினைத்த மூலக்கூறைத் துரத்தும் சுதந்திரம், அதாவது ராபின்சனுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் இருந்ததெல்லாம்.

ராபின்சனோடு மோதி ஜெயித்த கட்டுரை வெளிவந்தது 1935இல். அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமி ஜூலியனை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1973இல், கறுப்பின வேதியியலாளர்களில் அவர்தான் முதல் ஆள். அப்போது அவருக்கு வயது 74. இரண்டு வருடம் கழித்து, 1975 ஏப்ரல் 19 அன்று, புற்றுநோயில் இறந்துபோனார்.